காரில் தீயணைப்பான்: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது, எப்போது விட்டு விலகுவது?

தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி எழுதிய கடிதத்துக்கு, வாகனத் தீப்பாதுகாப்பு ஆலோசகர் அளிக்கும் பதில் இது. கடிதத்தின் சாரம் முதலில்.

அவர் ஓட்டுவது எட்டு ஆண்டுப் பழைய பெட்ரோல் கார். வாங்கிய பிறகு அதில் எல்.பி.ஜி. கிட் பொருத்தியிருக்கிறார்கள்; எரிவாயு சிலிண்டர் டிக்கியில் இருக்கிறது. பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகளும், மூட்டுவலியால் மெல்ல நடக்கும் மாமியாரும் பெரும்பாலும் பின்சீட்டில் அமர்ந்து வருவார்கள். அண்மையில் நெடுஞ்சாலையில் முன்னே சென்ற ஒரு கார் பானெட்டில் புகை கிளம்பிச் சில நிமிடங்களில் முழுவதும் எரிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து தம் காரைத் திறந்து பார்த்தால், கொழுந்தனார் எப்போதோ வாங்கித் தந்த அரைக்கிலோ ஸ்பிரே டப்பா ஒன்று டிக்கியில் ஸ்டெப்னிக்கும் ஜாக்கிக்கும் இடையே உருண்டு கிடந்திருக்கிறது. அதிலிருந்த தேதி அழிந்துபோய்விட்டது. "வெயிலில் நிற்கும் வண்டியில் இதை வைத்திருந்தால் இதுவே வெடிக்கும், தூக்கிப் போடு" என்கிறார் கணவர். "பவுடர் அடித்தால் எஞ்சினே போய்விடும், கார்பன் டை ஆக்சைடுதான் வாங்க வேண்டும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அடுத்த ஆண்டு மின்சாரக் காருக்கு மாறும் எண்ணமும் இருக்கிறது. எந்த வகை, எவ்வளவு பெரியது, எங்கே வைப்பது என்று கேட்டுவிட்டு, கடைசியில் இப்படி முடிக்கிறார்: "உண்மையில் தீப்பிடித்தால் நான் நின்று அணைக்க வேண்டுமா, ஓட வேண்டுமா? கருவி இருந்தும் அணைக்காமல் விட்டால் இன்சூரன்ஸ் கிடைக்காது என்கிறார்களே, அது சரியா?"

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் கருவியின் வகையும் அளவும் இடமும் அதற்கான விடையைப் பொறுத்தே அமைகின்றன. காரில் வைக்கும் கைத் தீயணைப்பான் காரைக் காப்பாற்றுவதற்கான கருவி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1 கிலோ பவுடர் கொண்ட கருவி, கைப்பிடியை அழுத்திப் பிடித்தால் ஏறத்தாழ 10 விநாடிக்குள் தீர்ந்துவிடும். அந்த விநாடிகளால் ஆகக்கூடியவை இரண்டு. தீ இன்னும் ஓர் இடத்திலேயே, கையகல அளவில் இருக்கும்போது அதை அடக்கலாம். அல்லது கதவைத் திறந்து ஒருவரை வெளியே இழுக்கும் வரை தீயைத் தள்ளி நிறுத்தலாம். நெடுஞ்சாலையில் நீங்கள் பார்த்ததைப் போல பானெட் முழுவதும் பற்றிய தீயை நீங்களோ நானோ ஒரு கைக்கருவியால் அணைத்துவிட முடியாது.

ஆகவே வரிசை இதுதான். புகையோ கருகும் வாசனையோ தெரிந்ததும் வண்டியை ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துங்கள். பெட்ரோல் பம்பும் எரிவாயு வால்வும் அப்போது தாமாக அடைபடும்படிதான் பெரும்பாலான வண்டிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. பானெட் திறக்கும் நெம்புகோலை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இழுத்துவிடுங்கள், ஆனால் பானெட்டைத் தூக்காதீர்கள். பிறகு பிள்ளைகளும் மாமியாரும் இறங்கி விலகட்டும். அதன் பிறகுதான் தீயணைப்பான். உங்கள் பின்கதவுகளில் பிள்ளைகளுக்கான பூட்டு போடப்பட்டிருந்தால், உள்ளிருப்பவர்களால் அந்தக் கதவுகளைத் திறக்க முடியாது. நீங்கள் இறங்கி வெளியிலிருந்துதான் திறந்துவிட வேண்டும். கருவி வாங்குவதற்கு முன்பே சரிசெய்துவிடக்கூடியது இது. மாமியார் சாலையோரப் பக்கத்துக் கதவருகே அமரட்டும்; அந்த ஒரு கதவுக்கு மட்டுமாவது பிள்ளைப் பூட்டை விலக்கிவிடுங்கள்; பெரிய பிள்ளைக்கு சீட் பெல்ட்டைத் தானே கழற்றவும், இறங்கியதும் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்றும் சொல்லிக்கொடுங்கள். இவற்றுக்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் எந்தத் தீயணைப்பானை விடவும் இவை அதிக நேரத்தை மிச்சப்படுத்தும்.

வெயிலில் வெடிக்குமா?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதி, நீங்கள் வைத்திருக்கும் ஸ்பிரே டப்பாவுக்குப் பொருந்தும். மெல்லிய தகரத்தாலான அழுத்த டப்பாக்களில் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக விடாதீர்கள் என்ற எச்சரிக்கை வழக்கமாகவே அச்சிடப்பட்டிருக்கும். மூடிய காரில் வெயில் நேரத்தில் உள்காற்றே அந்த அளவைத் தாண்டக்கூடும். வெயில் நேரே விழும் டேஷ்போர்டு 70 டிகிரியையும் தாண்டும். தேதி அழிந்து, ஜாக்கியோடு உரசி உரசிக் கிடந்த டப்பாவை வண்டியில் வைத்திருக்க வேண்டாம் என்பதில் நான் அவர் பக்கம்.

ஆனால் உருக்கு உருளையில் வரும் பவுடர் தீயணைப்பானின் கதை வேறு. அதற்குள் பவுடரை வெளியே தள்ளுவதற்கு நைட்ரஜன் போன்ற உலர்ந்த வாயுவை 12 முதல் 15 பார் அழுத்தத்தில் (1 பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அடைத்திருப்பார்கள். வாயுவின் அழுத்தம் அதன் வெப்பத்தோடு சேர்ந்து ஏறும் என்பது உண்மைதான். ஆனால் 20 டிகிரியில் 15 பார் இருக்கும் உருளை 60 டிகிரிக்குச் சூடானாலும் அழுத்தம் 17 பார் அளவுக்குத்தான் போகும். உருளையை அதைவிட மிக அதிகமான அழுத்தத்தில் சோதித்த பிறகே விற்பனைக்கு அனுப்புகிறார்கள். எனவே வெயிலில் நிற்பதால் மட்டும் நல்ல நிலையிலுள்ள ஓர் உருளை வெடித்துவிடாது. வெயிலால் உண்மையில் வருவது மெதுவான கேடு: வால்வின் ரப்பர் வளையங்கள் இறுகி, வாயு சிறுகச் சிறுகக் கசியும். கருவி வெடிக்கும் என்று பயப்படுவதைவிட, தேவைப்படும் நாளில் உள்ளே அழுத்தமே இல்லாமல் போயிருக்கும் என்று பயப்படுவதுதான் நியாயம்.

வாங்கும்போது உருளையின் மேல் அச்சிட்டிருக்கும் வெப்ப வரம்பைப் படியுங்கள். சிலவற்றில் மேல் வரம்பு 49 அல்லது 50 டிகிரி என்றும், சிலவற்றில் 60 டிகிரி என்றும் இருக்கும். வண்டிக்கு 60 டிகிரி வரை அனுமதிக்கப்பட்டதே ஏற்றது. அதையும் டேஷ்போர்டின் மேலோ பின்கண்ணாடி அடியிலுள்ள பலகையிலோ வைக்காமல், நிழல் விழும் தரைமட்டத்தில் வைத்தால் இந்தக் கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பவுடரா, கார்பன் டை ஆக்சைடா?

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. துணி, மரம் போன்ற திடப்பொருள் (ஏ), எரியும் திரவம் (பி), எரிவாயு (சி) ஆகிய மூன்று வகைத் தீக்கும் உரியது ஏபிசி பவுடர். அதன் முக்கிய மூலப்பொருள் மோனோ அம்மோனியம் பாஸ்பேட். சூட்டில் அது உருகி எரியும் பொருளின் மேல் பிசுபிசுப்பான படலமாகப் படியும். இருக்கை, தரைவிரிப்பு, பிளாஸ்டிக் போன்றவற்றில் கனலும் தீயை அடக்க உதவுவது அந்தப் படலம்தான். அதே படலம் ஈரம் பட்டால் அமிலத்தன்மை பெற்று அலுமினியத்தையும் மின் இணைப்புகளையும் அரிக்கும். பவுடர் அடித்த எஞ்சினை நாள்கணக்கில் அப்படியே விட்டால் பழுது வரும். விரைவில் முறையாகச் சுத்தம் செய்தால் அதன் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். எப்படியும், எரிந்துபோன எஞ்சினைவிட பவுடர் படிந்த எஞ்சின் மேல்.

கார்பன் டை ஆக்சைடு கறை எதையும் விடாது என்பது உண்மை. ஆனால் அது திறந்த வெளியில், காற்றடிக்கும் சாலையோரத்தில் கலைந்து போய்விடும்; எரிந்த இடத்தை அவ்வளவாகக் குளிர்விக்காது; எனவே சூடான உலோகத்தின் மேல் எண்ணெய் மீண்டும் பற்றிக்கொள்ளும். இருக்கைக்குள் கனலும் தீக்கும் அது போதாது. 2 கிலோ வாயு கொண்ட கருவியின் மொத்த எடை 5 கிலோ அளவுக்கு வரும். மூடிய காருக்குள் அதை அடித்தால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டும். வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படும் உங்கள் கணவர் இன்னொன்றையும் கவனிக்கலாம்: 20 டிகிரியில் 57 பார் அளவில் இருக்கும் இந்த வாயுவின் அழுத்தம், 31 டிகிரியைத் தாண்டிய பிறகு செங்குத்தாக ஏறி, 50 டிகிரியில் 100 பாரை நன்றாகத் தாண்டிவிடும். உருளை அதைத் தாங்கும்படி கனமாகச் செய்யப்பட்டிருக்கும், அழுத்தம் எல்லை மீறினால் விடுவிக்கும் தகடும் இருக்கும். ஆனாலும் வெயிலில் நிற்கும் காருக்கு இது பொருத்தமான தேர்வல்ல. இதில் அழுத்தமானியும் கிடையாது. உள்ளே வாயு இருக்கிறதா என்பதைத் தராசில் எடை போட்டுத்தான் அறிய முடியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுரைக் கருவி நல்லதுதான், ஆனால் நீரால் ஆனதால் பெரிதாக இருக்கும், கடுங்குளிரில் உறையும். கறைபடாத நவீன வாயுக் கருவிகள் விலை அதிகம். அதே எடையில் பவுடர் அளவுக்கு வலுவும் இல்லை. யாராவது ஹாலான் என்ற பழைய வகை வாயுக் கருவி தந்தால் வாங்காதீர்கள். ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் அதன் உற்பத்தி 1994இல் வளர்ந்த நாடுகளிலும் 2010இல் வளரும் நாடுகளிலும் நிறுத்தப்பட்டுவிட்டது.

ஆகவே உங்கள் காருக்கு என் பரிந்துரை, அழுத்தமானி உள்ள, ரீஃபில் செய்யக்கூடிய ஏபிசி பவுடர் கருவி. எழுத்துகளைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை: ஐரோப்பிய முறையில் சி என்பது எரிவாயுத் தீயைக் குறிக்கும், அமெரிக்க முறையில் அதே எழுத்து மின்னோட்டமுள்ள சாதனங்களைக் குறிக்கும். எழுத்தோடு வரும் எண்களும் அப்படியே. ஐரோப்பிய முறையில் 34பி என்றால் சோதனைத் தட்டிலிருந்த திரவத்தின் லிட்டர் அளவு. அமெரிக்க முறையில் 10பி என்றால் பயிற்சியில்லாத ஒருவர் அணைக்கக்கூடிய பரப்பு, சதுர அடியில். எனவே 34 என்பது 10ஐ விட மூன்று மடங்கு வலுவானது என்று கடையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே முறையில் மதிப்பிட்ட கருவிகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, 1 கிலோ என்பது குறைந்தபட்சம். 2 கிலோ கிடைத்து, அதை உறுதியாகப் பொருத்த இடமும் இருந்தால் அதையே வாங்குங்கள். அரைக்கிலோ எனக்கு உடன்பாடில்லை. சில விநாடிகளில் தீர்ந்துபோகும் கருவி, கையில் ஆயுதம் இருக்கிறது என்ற துணிச்சலை மட்டும் தந்து ஒருவரைத் தீயின் அருகே நிறுத்தி வைத்துவிடும். வால்வும் கைப்பிடியும் உலோகத்தால் ஆனவையா என்று தூக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் கைப்பிடி வால்வில் அடைப்பு ஏற்பட்டோ அழுத்துவதற்கு அதிக விசை வேண்டியிருந்தோ கருவி இயங்காமல் போகக்கூடும் என்பதால், 2017இல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 4 கோடிக் கருவிகளைத் திரும்பப் பெறும் நிலை ஏற்பட்டது.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை அளித்தது டப்பாவின் வகையோ தேதியோ அல்ல, அது உருண்டு கிடந்தது என்ற செய்திதான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதிலாவது மோதி நின்றால், கட்டப்படாத பொருள் அதே வேகத்தில் முன்னே பாயும். ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் அது. 80 கிலோமீட்டர் என்றால் 25 மீட்டர் உயரம். 2 கிலோ பவுடர் கருவியின் மொத்த எடை 3.5 கிலோ அளவில் இருக்கும் என்பதையும், உங்கள் பிள்ளைகள் பின்சீட்டில் இருப்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். சரியாகக் கட்டப்படாத தீயணைப்பானைவிடத் தீயணைப்பான் இல்லாமல் இருப்பதே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பு, கைக்கருவியின் தாங்கி புவியீர்ப்பின் 25 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்றும், பிடிப்பட்டைகள் உலோகத்தாலானவையாக, குறைந்தது இரண்டாக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. அந்தக் கணக்கில் 3.5 கிலோ கருவி மோதும் கணத்தில் 87 கிலோ எடைபோல இழுக்கும். நீங்கள் பந்தயத்தில் ஓட்டப்போவதில்லை. ஆனால் பெட்டிக்குள்ளேயே இலவசமாக வரும் பிளாஸ்டிக் கொக்கி ஏன் போதாது என்பதும், வெல்க்ரோ பட்டையால் டிக்கியின் விரிப்பில் ஒட்டி வைப்பது ஏன் வெறும் சமாதானம் என்பதும் இந்த எண்ணிலிருந்து புரியும். வாகனத்துக்கென்று விற்கும் உலோகத் தாங்கியை, இரண்டு உலோகப் பட்டைகளோடு, தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இடம் என்று வரும்போது டிக்கி வசதியாகத்தான் தோன்றும். ஆனால் பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் டிக்கி மூடி நசுங்கித் திறக்காமல் போகலாம். பொதிகளுக்கு அடியில் கிடக்கும் கருவியைத் தேடி எடுப்பதற்குள் அந்த முதல் நிமிடம் கழிந்துவிடும். உங்கள் காரில் எரிவாயு சிலிண்டரும் அங்கேதான் இருக்கிறது. சிலிண்டர் பக்கம் தீ என்றால் அதை நோக்கிச் சென்று டிக்கியைத் திறப்பது கூடவே கூடாது. ஓட்டுநர் இருக்கையின் முன்புறமும் வேண்டாம். தாங்கியிலிருந்து நழுவினால் பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சேரும்.

உங்களுக்கு ஏற்ற இடம், முன்பக்கத்துப் பயணி இருக்கையின் முன்விளிம்புக்குக் கீழே, தரைமட்டத்தில், பயணத் திசைக்குக் குறுக்காகப் படுத்த நிலை. அந்தப் பக்கம்தான் சாலையோரப் பக்கம். வண்டிகள் பறக்கும் பக்கத்தில் நிற்காமல், இறங்கிச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, குனிந்து ஒரு கையால் எடுத்துவிடலாம். பொருத்தும்போது சில எச்சரிக்கைகள் உண்டு. இருக்கைக்கு அடியில் ஓடும் வயர்களில் மஞ்சள் நிற இணைப்பிகள் இருந்தால் அவை பெரும்பாலும் ஏர்பேக்குக்கும் பெல்ட்டை இறுக்கும் பொறிக்கும் உரியவை. அவற்றைத் தொடவோ நெருக்கவோ கூடாது. ஆள் அமர்ந்திருப்பதை உணரும் சென்சாரின் மேலும் தாங்கி அழுத்தக் கூடாது. இருக்கையை முழுவதும் முன்னும் பின்னும் நகர்த்தி, கருவி எங்கும் இடிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். தரையில் புதிதாகத் துளையிட வேண்டாம். அடியில் எரிபொருள் குழாயோ பிரேக் குழாயோ ஓடலாம். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளையே பயன்படுத்தும் தாங்கிகள் கிடைக்கின்றன. அவற்றை ஒரு பணிமனையில் கொடுத்துப் பொருத்தி, போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் குறித்த இறுக்கத்துக்கே திரும்ப முடுக்கச் சொல்லுங்கள். இருக்கையின் பிடிமானம் அந்த போல்ட்டுகளில்தான் இருக்கிறது.

கைப்பிடி தவறி அழுத்தப்படாமல் தடுக்கும் பாதுகாப்பு ஊசியும் (பின்) அதன் மேலுள்ள சீலும் பிள்ளைகளின் கைக்கு எட்டாத பக்கம் திரும்பியிருக்கட்டும். பொருத்தி முடிந்ததும், ஒரு நாள் வண்டி நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பட்டையை விடுவித்துக் கருவியை எடுத்துப் பாருங்கள். புகையில் கண் தெரியாது. பட்டையின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இழுபடும் என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும். உங்கள் கணவரையும் ஒரு முறை செய்யச் சொல்லுங்கள்.

பயன்படுத்தும் நேரத்தில்

எல்லோரும் இறங்கி விலகிய பிறகு, தீயணைப்புத் துறைக்கு யாரையாவது அழைக்கச் சொல்லிவிட்டு, தீ சிறிதாக இருந்தால் மட்டும் நெருங்குங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடிக்க வேண்டும். பின்வாங்கும் வழி திறந்திருக்க வேண்டும். பின்னை உருவிவிட்டு 2 மீட்டர் தொலைவிலிருந்து, சுடரின் நுனியை அல்ல, எரியும் பொருளின் அடியைக் குறிவைத்து, இடவலமாகத் துடைப்பதுபோல அடியுங்கள். எஞ்சின் பக்கம் தீ என்றால் பானெட்டைத் தூக்கக் கூடாது என்று முன்பே சொன்னேன். தூக்கினால் காற்று பாய்ந்து தீ முகத்தில் எழும். நெம்புகோல் இழுத்ததால் உண்டான விரல் அகல இடைவெளி வழியாகவோ, முன்பக்கக் கிரில் வழியாகவோ, சக்கர வளைவின் வழியாகவோ பவுடரைச் செலுத்துங்கள். அணைந்ததுபோல் தெரிந்தாலும் முதுகைத் திருப்பாமல் பின்வாங்கிக் கவனியுங்கள்; சூடான எக்ஸாஸ்ட் குழாயில் சொட்டும் எண்ணெய் மீண்டும் பற்றும்.

பவுடர் தீர்ந்து தீ தீரவில்லை என்றாலோ, புகை உள்ளே டேஷ்போர்டு வழியாக வரத் தொடங்கினாலோ அத்தோடு விட்டுவிடுங்கள். எரியும் காரில் டயர்கள் வெடிக்கும்; பானெட்டையும் டிக்கி மூடியையும் தாங்கும் வாயுத் தண்டுகள் அம்புபோல் பாய்ந்து வரும்; பிளாஸ்டிக் எரியும் புகையில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு ஆகிய நச்சு வாயுக்கள் இருக்கும்.

எரிவாயுவுக்கு ஒரு தனி விதி உண்டு. பலர் நல்லெண்ணத்தில் தவறு செய்யும் இடமும் அதுவே. குழாயிலிருந்தோ சிலிண்டரிலிருந்தோ கசியும் வாயு எரிந்துகொண்டிருந்தால், வால்வை மூட முடியாத நிலையில் அந்தச் சுடரை அணைக்கக் கூடாது. அணைத்தால் கசிவு நிற்காது. எரியாத வாயு சேரும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, எனவே தரையோடு படர்ந்து தாழ்வான இடங்களில் தேங்கி, எங்கோ ஒரு பொறியில் ஒரே நேரத்தில் பற்றும். சிலிண்டரில் தீ படும்போது அதன் பாதுகாப்பு வால்வு திறந்து வாயுவைச் சீறி வெளியேற்றும். அது வால்வு தன் வேலையைச் செய்வதால் எழும் சுடர். அப்போது 100 மீட்டருக்கு அப்பால், முடிந்தால் ஏதேனும் சுவரின் மறைவில், குடும்பத்தோடு நின்றுகொண்டு, வண்டியில் எரிவாயு சிலிண்டர் இருப்பதைத் தீயணைப்பு வீரர்களிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தீயில்லாமல் வாசனை மட்டும் வந்தால் தீயணைப்பானுக்கு வேலையே இல்லை: எஞ்சினை நிறுத்தி, கதவுகளைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தட்டாமல் விலகி நின்ற பிறகே கைப்பேசியை எடுங்கள்.

பராமரிப்பும் காப்பீடும்

மாதம் ஒரு முறை அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, சீல் அறுபடாமல் இருக்கிறதா, துருவோ நசுங்கலோ உண்டா என்று பார்த்தால் போதும். அரை நிமிட வேலை. வண்டியின் அதிர்வில் பவுடர் அடியில் இறுகும் என்பதால் கருவியைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கச் சொல்லும் வழக்கம் உண்டு. உங்கள் கருவியின் கையேடு அப்படிச் சொன்னால் செய்யுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை சர்வீஸ் செய்பவரிடம் காட்டுங்கள். சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒரு நொடிகூட அழுத்திப் பார்க்கக் கூடாது: வால்வு மூடிப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும் பவுடர் துகள்கள் அதை முழுவதும் மூடவிடாமல், சில நாள்களில் அழுத்தம் முழுவதும் போய்விடும். சிறிதளவு பயன்படுத்தியிருந்தாலும் ரீஃபில் கட்டாயம். ரீஃபில் செய்ய முடியாத வகையை, அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 10 என்ற தரநிலை தயாரித்த நாளிலிருந்து 12 ஆண்டுகளில் விலக்கச் சொல்கிறது. அதிரும், வெயிலில் காயும் வண்டியில் அவ்வளவு காலம் காத்திருக்க நான் சொல்லமாட்டேன்.

காப்பீட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது குழப்பமான செய்தி. காப்பீட்டு ஒப்பந்தங்கள் இழப்பைக் கூட்டாமல் நியாயமான கவனம் எடுக்கும்படி பொதுவாகக் கேட்கும். எரியும் வண்டியின் அருகே உயிரைப் பணயம் வைப்பது அந்த நியாயத்துக்குள் வராது. போலந்து, கிரீஸ், ருமேனியா போன்ற நாடுகளில் சொந்தக் காரிலும் தீயணைப்பான் கட்டாயம். பல நாடுகளில் அப்படி இல்லை. நீங்கள் வண்டி ஓட்டும் இடத்தின் விதியை மட்டும் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். இழப்பீடு கேட்கும் நேரத்தில் உண்மையில் சிக்கலாகக்கூடியது வேறொன்று: பின்னால் பொருத்திய எரிவாயு கிட்டை வண்டியின் பதிவிலும் காப்பீட்டிலும் முறையாகத் தெரிவித்திருக்கிறீர்களா, அதன் சோதனைச் சான்று காலாவதியாகாமல் இருக்கிறதா என்பது. இன்றே அந்தத் தாள்களை எடுத்துப் பாருங்கள். கூடவே, பின்னால் சேர்த்த விளக்கு, ஸ்பீக்கர், கேமரா முதலியவற்றின் வயர்கள் ஃபியூஸ் வழியாகச் செல்கின்றனவா என்று ஓர் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். தீ தொடங்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

மின்சாரக் காருக்கு மாறும்போது

வாங்கும் பவுடர் கருவி வீணாகாது. மின்சாரக் காரிலும் இருக்கையும் விரிப்பும் 12 வோல்ட் பேட்டரியும் சாதாரண வயரிங்கும் உண்டு. அவற்றில் எழும் சிறு தீக்கு அதே கருவி உதவும். ஆனால் தரைக்கு அடியிலுள்ள பெரிய லித்தியம் அயான் பேட்டரியில் உள்ள பல சிறு அலகுகளில் (செல்) ஒன்று கட்டுமீறிச் சூடாகி அடுத்ததைப் பற்ற வைக்கத் தொடங்கிவிட்டால், எந்தக் கைக்கருவியும் அதை நிறுத்தாது. அந்தச் சூடு பேட்டரியின் உலோகக் கூட்டுக்குள்ளேயே உண்டாகிறது. பவுடரோ வாயுவோ அங்கே எட்டாது. தீயணைப்பு வீரர்கள் ஏராளமான நீரால் அதை நெடுநேரம் குளிர்விப்பார்கள்; அணைந்த பிறகும் சில மணி நேரமோ சில நாள்களோ கழித்து மீண்டும் பற்றக்கூடும். லித்தியத் தீக்கென்று விற்கும் சிறிய கருவிகள் கைப்பேசி, மடிக்கணினி அளவிலான பேட்டரிகளுக்குப் பயன்படலாம். கார் பேட்டரிக்கும் இது போதும் என்று விற்பனையாளர் சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள். அடியிலிருந்து வெண்புகை, சீறல், வெடிக்கும் ஒலி இவற்றில் எது தெரிந்தாலும் செய்ய வேண்டியது இறங்கி விலகுவது மட்டுமே. அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயுவும் இருக்கும். தாங்கி பொருத்தும்போது தரையில் துளையிடக் கூடாது என்ற விதி அந்தக் காரில் இன்னும் கண்டிப்பானது, ஏனென்றால் விரிப்புக்குக் கீழே இருப்பது அந்தப் பேட்டரிதான்.

பழைய ஸ்பிரே டப்பாவை இன்றே வண்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். அதைக் குப்பையோடு சேர்க்கவோ, ஆணியால் குத்தி அழுத்தத்தை விடவோ, எரிக்கவோ வேண்டாம். நிழலான இடத்தில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்திருந்து, புதிய கருவி வாங்கும் அன்று, தீயணைப்பான்களுக்கு ரீஃபில் செய்து தரும் இடத்தில் ஒப்படையுங்கள். உள்ளிருக்கும் அழுத்தத்தைப் பாதுகாப்பாக வெளியேற்றும் முறை அவர்களுக்குத் தெரியும்.